மருந்தா, மதியமா? செல்லின் இறுக்கத்தை அளந்த ஓர் ஆய்வில் நடந்தது

பின்னணி

தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் மையக் கருவிக்கூடத்தில் நடந்த விஷயம் இது. ஒரு தாவரத்திலிருந்து பிரித்தெடுத்த சேர்மம் மார்பகப் புற்றுநோய்ச் செல்களின் இறுக்கத்தை மாற்றுகிறதா என்று பார்க்க, உயிர்வேதியியல் துறை ஆய்வு மாணவி ஒருவர் எங்கள் அணுவிசை நுண்ணோக்கியில் ஸ்லாட் எடுத்து வேலை செய்துவந்தார். அந்தக் கருவியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மாணவியும் அவருடைய கைடும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன்.

கருவி முதலில் வாங்கப்பட்டது பொருளறிவியல் துறைக்காக. மெல்லிய படலங்கள், பாலிமர் பரப்புகள், நானோ துகள்கள் என்று உலர்ந்த, கடினமான மாதிரிகளைத்தான் வெகுநாள் பார்த்துவந்தோம். உயிரியல் ஆட்கள் பிறகு வந்தார்கள். கூடத்தில் நடப்பிலிருந்த நடைமுறையோ பழையதுதான்: காலையில் ஒருமுறை கருவியைச் சரிபார்த்துக்கொண்டால் மாலைவரை அந்த எண்ணே போதும். சிலிக்கான் துண்டைப் படம் பிடிக்க அது போதுமானதாகவே இருந்தது.

ஏ.எஃப்.எம். என்று எல்லோரும் சொல்லும் இந்தக் கருவியை கெர்ட் பின்னிக், கால்வின் குவேட், கிறிஸ்டோஃப் கெர்பர் ஆகிய மூவரும் 1986இல் அறிமுகப்படுத்தினார்கள். இதில் லென்ஸ் வழியாக மாதிரியைப் பார்ப்பதில்லை; தொட்டுப் பார்க்கிறோம். ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட மெல்லிய பட்டையான கான்டிலீவர் ஒன்றின் நுனி மாதிரியைத் தொடும்போது கான்டிலீவர் வளைகிறது. அதன் முதுகில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளி, நான்காகப் பிரிந்த ஒளியுணரியில் விழும் இடம் நகர்கிறது. அந்த நகர்வு வோல்ட்டாக வெளியே வருகிறது. தண்ணீருக்குள்ளும் வேலை செய்யும் என்பதால் உயிரோடு இருக்கும் செல்லையே அழுத்திப் பார்க்கலாம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வழக்கமாகச் செய்வதுபோலச் செல்லை உலர்த்தி வெற்றிடத்தில் வைக்க வேண்டியதில்லை.

செல்லின் இறுக்கம் ஏன் முக்கியம் என்ற கேள்விக்கு இந்தத் துறையில் நல்ல பதில் உண்டு. போலந்தில் கிராகோ நகரத்து ஆய்வாளர்கள் 1999இல், சிறுநீர்ப்பைப் புற்றுச்செல்கள் இயல்பான செல்களைவிட வெகுவாக மென்மையானவை என்று காட்டினார்கள். 2007இல் லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகக் குழு, நோயாளிகளின் நுரையீரல் உறை நீரிலிருந்து எடுத்த செல்களை அளந்தது. பரவும் தன்மையுள்ள புற்றுச்செல்கள், அதே நீரிலிருந்த சாதாரணச் செல்களைவிட 70 சதவீதத்துக்கும் மேல் மென்மையாக இருந்தன. மென்மையான செல் நெருக்கடியான இடுக்குகளில் புகுந்து போவதற்கு வசதியானது என்பது இதன் பின்னாலுள்ள எண்ணம். அதனால் ஒரு மருந்து செல்லின் எலும்புக்கூடான ஆக்டின் இழைகளைத் தொட்டால், அது ஏ.எஃப்.எம். அளவீட்டில் தெரியவேண்டும். மாணவியின் கேள்வி நியாயமானது, நல்ல கேள்வியும்கூட.

அளவீடு எப்படி நடந்தது

புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து இரண்டு செல்வகைகள் வாங்கியிருந்தார்கள். எம்.சி.எஃப்-7 தீவு தீவாகச் சேர்ந்து வளரும், அவ்வளவாகப் பரவாது. எம்.டி.ஏ-எம்.பி-231 கதிர்போல நீண்டு தனித்தனியாக ஊர்ந்து போகும், பரவும் இனம். செல்கள் கண்ணாடி அடிப்பாகமுள்ள சிறு தட்டுகளில் வளர்ந்தன. சேர்மம் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்துச் சேர்க்கப்பட்டது. மருந்தில்லாத கன்ட்ரோல் தட்டுக்கும் அதே அளவு டி.எம்.எஸ்.ஓ. மட்டும் போனது. இந்த இடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அழுத்துவதற்குக் கூர்நுனி வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். கூர்நுனி செல்லின் ஓர் இழையில் பட்டால் ஓர் எண், இரண்டு இழைகளுக்கு நடுவில் இறங்கினால் வேறோர் எண் வரும். 5 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டை ஒட்டிய, 0.06 நியூட்டன்/மீட்டர் அளவிலான மிருதுவான கான்டிலீவரைத்தான் பயன்படுத்தினோம். ஒரு நானோநியூட்டன் விசையில் நிறுத்தினால், ஒரு கிலோபாஸ்கல் இறுக்கமுள்ள செல்லில் உருண்டை ஏறக்குறைய அரை மைக்ரோமீட்டர் இறங்கும். அதைவிட ஆழமாகப் போகக்கூடாது. மெல்லிய மெத்தையை ஓங்கி அமுக்கினால் கடைசியில் கைக்குத் தட்டுப்படுவது கட்டில் பலகைதான்; செல்லுக்கு அடியில் இருக்கும் கண்ணாடியும் அப்படித்தான் அளவீட்டுக்குள் நுழைந்துவிடும். எம்.டி.ஏ-எம்.பி-231 வகைச் செல்களின் ஓரங்கள் மிகவும் மெலிந்து பரந்திருக்கும் என்பதால், உட்கருவுக்கு மேலே மட்டுமே அழுத்தவேண்டும் என்று விதி.

ஒவ்வொரு அழுத்தலும் ஒரு விசை வளைகோடு. உருண்டை கீழே இறங்கும்போது கோடு தட்டையாக வரும், செல்லைத் தொட்ட இடத்திலிருந்து மேலே வளையும். அந்த வளைவை ஹெர்ட்ஸ் 1882இல் தந்த தொடுகைச் சமன்பாட்டோடு பொருத்தினால், இறுக்கத்தைச் சொல்லும் எண்ணான யங் குணகம் கிடைக்கும். இதில் எளிதாக மறந்துபோகும் ஒரு விஷயம் உண்டு. கருவிக்குத் தெரிந்தது வோல்ட் மட்டும்தான். வோல்ட்டை நானோமீட்டராக்க ஓர் எண் வேண்டும், அதுதான் சென்சிட்டிவிட்டி. கண்ணாடிபோன்ற கடினமான பரப்பில் அழுத்தி அதை எடுக்கிறோம். நானோமீட்டரை விசையாக்க இன்னோர் எண் வேண்டும், அது கான்டிலீவரின் சுருள் மாறிலி. எதையும் தொடாமல் சும்மா தொங்கும்போதே கான்டிலீவர் வெப்பத்தால் நடுங்கிக்கொண்டிருக்கும். 0.06 மாறிலியுள்ள கான்டிலீவர் சராசரியாகக் கால் நானோமீட்டருக்குச் சற்று மேல் ஆடும். அந்த நடுக்கத்தை அளந்து மாறிலியைக் கணிக்கும் முறை 1993இலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது.

மாணவியின் ஒருநாள் வேலை இப்படிப் போகும். காலையில் சென்சிட்டிவிட்டி, மாறிலி இரண்டையும் எடுத்துக்கொள்வார். அப்புறம் கன்ட்ரோல் தட்டு. மதிய உணவுக்குப் பிறகு மருந்து போட்ட தட்டு. நாள் முழுக்க ஒரே கான்டிலீவர். "ஒரே கான்டிலீவரில் அதே நாளில் இரண்டையும் அளந்தால், அளவுத்திருத்தப் பிழை எதுவாக இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றாக வந்து அடிபட்டுப் போய்விடும்" என்பது குழுவின் எண்ணம். காகிதத்தில் அது சரியான வாதம். காலையில் எடுத்த எண் மதியமும் உண்மையாக இருக்கும்வரை.

கண்ணில் பட்டது

முடிவுகள் அழகாக வந்தன. இரண்டு செல்வகையிலும் மருந்து போட்டவை மென்மை. ஒவ்வொரு நாளும் ஒரே திசை. கைடு கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டார்.

சந்தேகத்தைக் கிளப்பியது கருவியின் பதிவேடு. ஒருநாள் காலை மின்தடை, ஜெனரேட்டர் மாறுவதற்குள் கருவி அணைந்துவிட்டது. மறுபடி எல்லாம் நிலைக்கு வர மதியமாகிவிட்டதால், அன்றைக்குக் கன்ட்ரோல் தட்டையே சாப்பாட்டுக்குப் பிறகுதான் மாணவி அளந்திருக்கிறார். அந்த நாளுக்கு எதிரே அவர் கையெழுத்தில், 'கன்ட்ரோல் மதிப்பு குறைவு, சேர்க்கவேண்டாம்' என்று எழுதியிருந்தது. மாதாந்திரச் சரிபார்ப்புக்காகப் பக்கங்களைப் புரட்டியபோது அது என் கண்ணில் பட்டது. கேட்டேன். "சார், அன்னைக்கு கன்ட்ரோலே மருந்து போட்ட மாதிரி வந்துச்சு. கரண்ட் போனதால செல்லுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு விட்டுட்டேன்" என்றார்.

ஒதுக்கிவைத்த நாளையும் காரணத்தோடு பதிவேட்டில் எழுதிவைத்த அவருடைய பழக்கம்தான் இந்த ஆய்வைக் காப்பாற்றியது. பலரும் அந்த நாளை எழுதவே மாட்டார்கள்.

அடுத்த ஸ்லாட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்த்தேன். முதலில் நிறம். செல் வளர்க்கும் ஊடகத்தில் ஃபீனால் ரெட் என்ற சாயம் இருக்கும், பி.எச். 7.4 அருகே அது சிவப்பு, 8ஐத் தாண்டினால் ரோஸ்-ஊதா. அவர்கள் பயன்படுத்திய டி.எம்.இ.எம். ஊடகத்தில் லிட்டருக்கு 3.7 கிராம் பைகார்பனேட் இருந்தது. இன்குபேட்டரில் இருக்கும் கரியமிலவாயுவோடு சேர்ந்தால்தான் அது சமநிலையில் நிற்கும். வெளிக்காற்றில் வைத்தால் வாயு வெளியேறி பி.எச். ஏறும். தட்டை மேடையில் வைத்தபோது செங்கல் சிவப்பாக இருந்த ஊடகம், வேலை முடியும்போது நல்ல ரோஸ் நிறம். மருந்துத் தட்டு காலையில் இன்குபேட்டரை விட்டு வெளியே வந்து, முறை வரும்வரை மேசையிலேயே காத்திருந்தது. அளக்க எடுக்கும்போதே அது ரோஸ். தட்டைச் சூடாக்கும் வசதி கருவியோடு வந்திருந்தாலும் அலமாரியிலேயே கிடந்தது. ஆக, கன்ட்ரோல் செல்கள் இன்குபேட்டரிலிருந்து வந்த சூட்டோடு அளக்கப்பட்டன. மருந்துச் செல்கள் ஏ.சி. அறையின் குளிரில் மணிக்கணக்காக இருந்தபின் அளக்கப்பட்டன.

இரண்டாவது, லேசர். தட்டை மாற்றக் கருவியின் தலையைத் தூக்கவேண்டும். மறுபடி வைத்தால் ஒளிப்புள்ளி அதே இடத்தில் உட்காராது, திருகுகளைத் திருப்பிச் சரிசெய்யவேண்டும். காலையில் இதைக் காற்றிலேயே நிதானமாகச் செய்வார். கேமராவில் கான்டிலீவரின் முனை தெளிவாகத் தெரியும், புள்ளியை முனைக்குப் பக்கத்தில் வைப்பார். திரவத்தில் இறக்கியபின் சென்சிட்டிவிட்டி எடுப்பார். மதியம் கான்டிலீவர் ஏற்கெனவே திரவத்துக்குள் இருக்கும், காட்சி மங்கல், மருந்துச் செல்கள் காத்திருக்கின்றன. அதனால் ஒளியுணரியின் மொத்த வோல்ட் எங்கே அதிகமோ அங்கே புள்ளியை நிறுத்திவிடுவார். ஒளி முழுவதும் கான்டிலீவர் மேல் விழும் இடம் முனையைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் இருக்கும். உள்ளே போகப்போக, அதே வளைவுக்கு ஒளி திரும்பும் கோணம் குறைகிறது. ஒரு வோல்ட் என்பது இப்போது காலையைவிட அதிக நானோமீட்டர். மென்பொருளிலோ காலை எண்தான் இருக்கிறது. விசை குறைவாகக் கணக்காகும், செல் மென்மையாகத் தெரியும்.

மதிய வளைகோடுகளில் இன்னொன்றும் இருந்தது. உருண்டை மேலே வரும்போது கோடு தட்டையான பகுதிக்கும் கீழே இழுபட்டு, படிப்படியாக விடுபட்டது. காலையில் அந்த ஒட்டல் அவ்வளவாக இல்லை. சீரம் புரதமும் செல் துணுக்குகளும் உருண்டையில் படிந்திருந்தன. பிசுபிசுப்பான உறை போட்ட உருண்டையால் அழுத்தினால் முதலில் அமுங்குவது அந்த உறை.

மூன்றும் ஒரே திசையில் தள்ளக்கூடியவை. மருந்தும் அதே திசையில்தான் தள்ளவேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். எதிர்பார்த்த முடிவு வந்தால் யாரும் அதைத் தோண்டுவதில்லை.

முதல் முடிவு: அளப்பதை நிறுத்துவது

மூவரும் உட்கார்ந்து பேசினோம். கைடின் கவலை புரிந்தது: ஆய்வேட்டின் சுருக்கமான சினாப்சிஸ் கொடுக்கும் தேதி நெருங்குகிறது, கருவிக்கு மணிக்கணக்கில் கட்டணம், மாணவியின் உதவித்தொகைக் காலம் முடியப்போகிறது. இன்னும் சில நாள் அளந்து எண்ணிக்கையைக் கூட்டினால் இந்தச் சலனமெல்லாம் சராசரியில் மறைந்துவிடாதா என்று கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தாறுமாறாக வரும் பிழைதான் எண்ணிக்கை கூடினால் மறையும். காலையில் கன்ட்ரோல், மதியம் மருந்து என்று வரிசை மாறாமல் இருக்கும்வரை, எத்தனை நாள் கூட்டினாலும் மருந்தையும் கடிகாரத்தையும் பிரிக்கவே முடியாது. தவறான எண் இன்னும் உறுதியாகத் தெரியும், அவ்வளவுதான்.

இந்தத் துறைக்கு இது புதிய பாடம் அல்ல. ஏ.எஃப்.எம்.முக்கு மூத்ததான, நுனிக்கும் பரப்புக்கும் இடையே பாயும் மின்னோட்டத்தை அளக்கும் எஸ்.டி.எம். நுண்ணோக்கியில், 1980களின் கடைசியில் கிராஃபைட் மேல் டி.என்.ஏ.யைப் பார்த்ததாக அழகான சுருள் படங்கள் வெளிவந்தன. டி.என்.ஏ. எதுவுமே போடாத வெறும் கிராஃபைட்டிலும் அதேபோன்ற சுருள் உருவங்கள் தோன்றும் என்று 1991இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை காட்டியது. படம் பொய்யில்லை, படத்தில் இருந்தது கிராஃபைட்டின் படிக்கட்டு போன்ற ஓரங்கள். வெறும் தளத்தையும் அதே பொறுமையோடு பார்த்தவர்களுக்குத்தான் அது தெரிந்தது. எங்களுக்கும் வேண்டியது ஒரு வெறும் தளம்தான்: மருந்தே போடாத நாள்.

பழைய தரவை அழிக்கக்கூடாது, திருத்தவும் கூடாது, அப்படியே ஒதுக்கிவைப்பது என்றும் முடிவெடுத்தோம். எவ்வளவு பிழை எங்கிருந்து வந்தது என்று பிறகு காட்டுவதற்கு அது தேவைப்படும்.

கருவியா, செல்லா: பிரித்துப் பார்த்தது

இரண்டு சோதனைகள் செய்தோம், வரிசை முக்கியம். முதலில் செல்லே இல்லாத சோதனை. கண்ணாடித் தட்டில் பாலிஅக்ரிலமைடு ஜெல் வார்த்து, உப்புக்கரைசலில் இரவு முழுக்க ஊறவைத்து நிலைக்குக் கொண்டுவந்தோம். அக்ரிலமைடும் குறுக்கிணைப்பானும் எந்த விகிதத்தில் சேர்கின்றன என்பதைப் பொறுத்து அதன் இறுக்கம் அமையும். செல்லுக்கு அருகில் வரும்படி மென்மையாகவே வார்த்தோம். ஜெல்லுக்குப் பசியில்லை, குளிர் இல்லை, பி.எச். கவலை இல்லை. காலையில் என்னவோ மதியமும் அதுதான். அது மாறினால் மாறியது நம் கருவி.

மாணவி தன் வழக்கப்படியே நாளை நடத்தினார். காலையில் ஜெல், அப்புறம் கன்ட்ரோல் செல்கள், தட்டு மாற்றம், லேசர் சரிசெய்தல், மதியம் மறுபடி ஜெல். ஜெல் 'மென்மையாகி' இருந்தது. அப்போதே தலையைத் தூக்காமல் தட்டின் ஓரத்தில் ஜெல் இல்லாத கண்ணாடியில் உருண்டையை இறக்கிப் புதிதாகச் சென்சிட்டிவிட்டி எடுத்தோம். எண் ஏறியிருந்தது. அதைப் போட்டு அதே வளைகோடுகளை மறுபடி கணக்கிட்டபோது ஜெல்லின் மதிப்பு காலை மதிப்பை நோக்கி எழுந்து வந்தது. முழுக்க வரவில்லை. புதுக் கான்டிலீவர் மாட்டினோம், மிச்சமும் வந்துவிட்டது. அந்த மிச்சம் உருண்டையில் படிந்த அழுக்கின் பங்கு. திரையில் அந்த மூன்று வளைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்த்த கைடு, அதன்பிறகு தேதியைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்து, மருந்தில்லாத நாள். ஒரே நாளில் விதைத்த இரண்டு தட்டுகள், இரண்டிலும் டி.எம்.எஸ்.ஓ. மட்டும். ஒன்று காலையில், ஒன்று மதியம். இந்தமுறை ஒவ்வொரு தட்டுக்கும் புது சென்சிட்டிவிட்டி, சுத்தமான கான்டிலீவர். அதாவது கருவியின் பங்கை எடுத்துவிட்டோம். அப்படியும் எம்.டி.ஏ-எம்.பி-231 வகைச் செல்களில் சிறிய வித்தியாசம் நின்றது. எம்.சி.எஃப்-7இல் அதைவிடப் பெரிய வித்தியாசம். செல் தீவுகளின் ஓரங்கள் உள்வாங்கியிருந்ததைச் சாதாரண நுண்ணோக்கியிலேயே பார்க்க முடிந்தது. குளிரிலும் காரத்திலும் கிடந்த செல் தன் பிடியைத் தளர்த்திக்கொள்கிறது. முன்பு மருந்தின் வேலை என்று எழுதிவைத்ததில் ஒரு பெரும்பகுதி, மருந்தே இல்லாமல் வந்துவிட்டது.

புது ஏற்பாடு

இனி எப்படி அளப்பது என்று எழுதி வைத்துக்கொண்டுதான் மறுபடி தொடங்கினோம். சில மாற்றங்கள் எளிது: தட்டுச் சூடேற்றியை அலமாரியிலிருந்து எடுத்து 37 டிகிரியில் வைப்பது, கரியமிலவாயு இல்லாமலும் பி.எச்.சைத் தாங்கும் ஹெப்பிஸ் கலந்த ஊடகத்துக்கு மாறுவது, தன் முறை வரும்வரை எந்தத் தட்டும் இன்குபேட்டரை விட்டு வெளியே வராமலிருப்பது, ஒரு தட்டுக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் இல்லை. தங்கப்பூச்சுள்ள கான்டிலீவர் வெப்பம் மாறும்போது தானாகவே வளையும். தங்கமும் அடியிலுள்ள பொருளும் ஒரே அளவு விரியாது. அதனால் தட்டு வைத்தபின் வெப்பம் நிலைக்கு வரும்வரை காத்திருப்பது என்பதையும் சேர்த்தோம். ஏ.சி. ஓடி நிற்பதற்கு ஏற்ப வளைகோட்டின் தட்டையான தொடக்கப் பகுதி மெல்ல அலைந்துகொண்டிருந்தது அதன்பிறகு அடங்கியது.

சென்சிட்டிவிட்டியை ஒவ்வொரு தட்டிலும் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை எடுப்பது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்தத் தட்டு கணக்கில் சேராது. இதோடு இன்னொரு காவலும் வைத்தோம். ஐரோப்பிய ஆய்வகங்கள் பல சேர்ந்து 2017இல் வெளியிட்ட நடைமுறை ஒன்று உண்டு. வெவ்வேறு ஆய்வகங்களின் எண்கள் ஒத்துப்போகாமல் இருப்பதற்குச் சென்சிட்டிவிட்டிப் பிழைதான் முக்கியக் காரணம் என்று கண்டு, அவர்கள் கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். கான்டிலீவரின் மாறிலியைத் தனியாக நம்பகமாக அளந்துகொண்டு, வெப்ப நடுக்கத்திலிருந்து சென்சிட்டிவிட்டியைப் பின்னோக்கிக் கணிப்பது. எதையும் தொடத் தேவையில்லை, உருண்டையும் தேயாது. கான்டிலீவர் பெட்டியோடு தனித்தனியாக அளந்த மாறிலியைத் தரும் வகைக்கு மாறினோம். விலை கூடுதல்தான், கைடு ஒத்துக்கொண்டார்.

மிகுந்த விவாதம் நடந்தது வரிசையைப் பற்றியும் மறைப்பைப் பற்றியும். தட்டுகளின் வரிசையை நாணயம் சுண்டி முடிவு செய்வது, சில நாள் மருந்து முதலில், சில நாள் கன்ட்ரோல் முதலில். தட்டின் மூடியில் எண் மட்டும் இருக்கும். எது மருந்து என்பது ஆய்வகத்தில் இன்னொரு மாணவருக்குத்தான் தெரியும். "என்னை நம்பலையா சார்?" என்று மாணவி கேட்டார். நம்பிக்கைப் பிரச்சினை இல்லை. வளைகோட்டில் உருண்டை செல்லைத் தொட்ட இடம் எது என்று முடிவு செய்வதும், எந்த வளைகோடு மோசம் என்று கழிப்பதும் அதுவரை கண்ணால்தான் நடந்தன. மெல்லத் தொடங்கும் வளைவில் தொடுபுள்ளியைக் கொஞ்சம் இடப்பக்கம் வைத்தால் ஒரு மதிப்பு, வலப்பக்கம் வைத்தால் வேறு மதிப்பு. எந்தத் தட்டு என்று தெரிந்த கண் எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் சாயும். கழிப்பதற்கான விதிகளை முன்கூட்டியே எழுதி மென்பொருளிடம் கொடுத்தோம். ஒருமுறை விளக்கிய பிறகு, இதை எங்களைவிடக் கறாராக நடத்தியவர் அந்த மாணவிதான்.

எண்ணிக்கை விஷயத்தையும் அப்போதே தீர்த்துக்கொண்டோம். பழைய வரைபடத்தில் ஒவ்வொரு வளைகோடும் ஒரு தனி அளவீடாக எண்ணப்பட்டு, புள்ளியியல் சோதனை மிகப் பிரமாதமாகத் தேறியிருந்தது. ஒரே செல்லை நூறு முறை அழுத்தினால் நூறு செல் ஆகாது. ஒரே தட்டிலுள்ள செல்களும் ஒன்றுக்கொன்று உறவுதான். தனித்தனியாக விதைத்து, தனித்தனி நாளில் அளந்த சோதனைதான் எண்ணிக்கை. செல்லுக்கு ஓர் இடைநிலை மதிப்பு, தட்டுக்கு ஒன்று, நாளுக்கு ஒரு ஜோடி. செல்லின் யங் குணகம் எப்போதும் ஒருபக்கம் நீண்ட வாலோடு பரவியிருக்கும் என்பதால் சராசரிக்குப் பதில் மடக்கையில் ஒப்பிட்டோம்.

கடைசியாக ஒரு சாட்சி: சைட்டோகலாசின் டி. ஆக்டின் இழைகளைக் குலைத்துச் செல்லை மென்மையாக்கும் என்று நன்றாகத் தெரிந்த பொருள். மறைப்போடு அளக்கும்போது அதை நம் கருவி கண்டுபிடிக்காவிட்டால், 'மருந்தால் மாற்றமில்லை' என்று நாம் சொல்வதற்கும் மதிப்பில்லை.

என்ன ஆயிற்று

சைட்டோகலாசின் தட்டு எண்ணைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது, அவ்வளவு தெளிவு. நாளின் எந்த நேரத்தில் அளந்தாலும் ஜெல் அதே இடத்தில் நின்றது.

சேர்மத்தைப் பொறுத்தவரை, எம்.டி.ஏ-எம்.பி-231 செல்களில் விளைவு நின்றது. முன்பு கண்டதைவிட மிகச் சிறியது, ஆனால் மருந்து முதலில் வந்த நாட்களிலும் பிறகு வந்த நாட்களிலும் அதே திசை. ஆக்டினில் ஒட்டும் ஃபாலாய்டின் சாயமேற்றி ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்த்தபோது இந்தச் செல்களில் தடித்த ஆக்டின் கற்றைகள் குறைந்திருந்தன. இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போயின. எம்.சி.எஃப்-7இல் மருந்துக்கும் கன்ட்ரோலுக்கும் வேறுபாடு பிரித்துச் சொல்லும்படி இல்லை. முன்பு அங்கே கண்டது மதியத்தின் வேலையாகத்தான் தெரிகிறது.

கட்டுரை ஒரு செல்வகைக்கான முடிவோடு மட்டும் போனது. மற்றதில் விளைவு காணவில்லை என்பதும், ஜெல் சோதனையும் துணைத் தகவலில் இடம்பெற்றன. சினாப்சிஸ் தள்ளிப்போனது, கைடு நீட்டிப்புக்கு எழுதி வாங்கினார். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அதிக நேரம் கேள்வி கேட்டது அந்த ஜெல் வரைபடத்தைப் பற்றித்தான் என்று மாணவி பிறகு சொன்னார். அவர் அந்தப் பகுதிக்கு நன்றாகத் தயாராக இருந்தார்.

பழைய தரவைத் திருத்திப் பயன்படுத்த முடியுமா என்றும் முயன்று பார்த்தோம். சில நாட்களில் மதியத் தட்டை அளப்பதற்கு முன் வெப்ப நடுக்கப் பதிவும் எடுக்கப்பட்டிருந்தது; அந்த நாட்களுக்குச் சென்சிட்டிவிட்டியைப் பின்னோக்கிக் கணிக்க முடிந்தது, மதிப்புகளும் புதிய தரவுக்கு அருகே வந்தன. மற்ற நாட்களில் அந்தப் பதிவு இல்லை. அவற்றை விட்டுவிட்டோம். செல்லுக்கு நேர்ந்த குளிரையும் காரத்தையும் எந்தக் கணக்காலும் திருத்த முடியாது என்பதால், திருத்திய நாட்களையும் கட்டுரையில் சேர்க்கவில்லை.

இனி மாறுவது

கருவிக்கூடத்தில் செல், ஜெல், திசு என்று மென்மையான மாதிரியோடு வருபவர்களுக்குத் தனிப் படிவம் வைத்திருக்கிறோம். அளக்கும் வரிசை என்ன, அதை யார் முடிவு செய்தார்கள், தட்டு இன்குபேட்டரிலிருந்து எத்தனை மணிக்கு வெளியே வந்தது, எடுக்கும்போது ஊடகத்தின் நிறம் என்ன என்று அதில் எழுதவேண்டும். வெப்ப நடுக்கப் பதிவைத் தட்டுக்குத் தட்டு சேமிக்காமல் ஸ்லாட்டை முடிக்க முடியாது. ஒரு ஜெல் தட்டு எப்போதும் குளிர்பெட்டியில் இருக்கும். முதல் மாதிரிக்கு முன்னும் கடைசி மாதிரிக்குப் பின்னும் அதை அழுத்திப் பார்க்கவேண்டும். ஜெல்லை அளக்கும் நேரத்துக்குக் கட்டணம் இல்லை என்று குழுவில் ஒப்புதல் வாங்கியிருக்கிறோம். கட்டணம் வைத்தால் முதலில் வெட்டுப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.

மறுபடி தொடங்குவதாக இருந்தால் மருந்தில்லாத நாளை ஆய்வின் முதல் வாரத்திலேயே வைக்கச் சொல்வேன். மாணவியின் உழைப்பில் பல மாதங்கள் மிஞ்சியிருக்கும். உதவித்தொகை முடிந்தபின் சம்பளமில்லாமல் அவர் வேலை பார்த்த காலமும் இருந்திருக்காது.

எம்.சி.எஃப்-7 கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. தீவாக வளரும் செல்லில் பக்கத்துச் செல்களின் இழுப்பும் அளவீட்டில் சேர்ந்துவிடும் என்பதால், தனிச் செல்லுக்கு எழுதிய முறை அங்கே போதாது. கரியமிலவாயு செலுத்தும் மூடி ஒன்று வாங்கியிருக்கிறோம். அதே ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மாணவர், தீவின் நடுச்செல்லையும் ஓரச்செல்லையும் தனித்தனியாக அளக்கும் திட்டத்தோடு ஸ்லாட் கேட்டிருக்கிறார். வரிசையை நாணயம் சுண்டிப் போட்ட தாளையும் விண்ணப்பத்தோடு இணைத்திருந்தார்.